வில்காரா ஓடுபாதையில் ஒரு நிழல்

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். இது நடந்தது. நோயல் பாஸ்கோ வாயாலேயே நான் கேட்டது. கதை கட்டத் தெரியாத மனிதர் அவர்.

மனைவி போன பிறகு நோயலுக்குத் துணை சின்ன விமானங்கள்தான். தெற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஆங்காங்கே கிடக்கும் மண் ஓடுபாதைகளைத் தேடித் தேடிப் போவார். யாராவது சொந்த விமானத்தில் வந்து இறங்கமாட்டார்களா என்று காத்துக் கிடப்பார். இறங்கினால் படம் எடுப்பார். விமானிகள் பேசுவதைக் கேட்கக் கையடக்க ரேடியோ ஒன்று வைத்திருந்தார். அதில் கேட்கலாம், திருப்பிப் பேச முடியாது.

அன்று கழுத்தில் கேமராவோடு வில்காரா ஓடுபாதைக்குப் போனார். உச்சி வெயில். மனித வாடையே இல்லை. எப்போதும் முகத்தில் மொய்க்கும் ஈக்களைக்கூடக் காணோம்.

ரேடியோ கரகரத்தது.

"வில்காரா... கீழ யாராவது இருக்கீங்களா?"

பெண் குரல். நோயல் அண்ணாந்து பார்த்தார். துடைத்து வைத்தது போல வானம்.

காற்று அசையவில்லை. ஆனால் கம்பத்தில் துவண்டு கிடந்த, காற்றுத் திசை காட்டும் துணிப்பை மெல்ல உப்பியது.

இஞ்சின் சத்தம். விட்டு விட்டு... இருமுவது போல.

செம்மண் மேல் ஒரு விமானத்தின் நிழல் வழுக்கிக்கொண்டு வந்தது.

மேலே விமானம் இல்லை.

தட்... தட்... புழுதி கிளம்பியது. நிழல் ஓடிவந்து, அவருக்கு எதிரே நின்றது.

"அப்பாடா, ஆள் இருக்கு! ஐயா... கொஞ்சம் தண்ணி குடுங்க."

இந்த முறை குரல் ரேடியோவிலிருந்து வரவில்லை.

இறக்கையின் நிழலுக்கடியில் இன்னொரு நிழல் அசைந்தது. கை நீட்டியது.

நோயல் வண்டிக்குள் பாய்ந்தார். சாவியைத் திருகினார்...

"போயிடாதீங்க..."

போய்விட்டார்.

நெடுஞ்சாலைக் கடையில் டொரீன் கிழவி கேலி செய்தாள். "என்னப்பா இந்த ஓட்டம்? கங்காரு தொரத்துச்சா?"

அவர் சொல்லி முடித்தபோது அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"எனக்கு அப்ப இருபது வயசு. ஜோன்னு ஒருத்தி, தனியா விமானம் ஓட்டிட்டு வந்தவ. இஞ்சின் மக்கர் பண்ணி வில்காராவில இறங்கிட்டா. நாங்க கண்டுபிடிக்கறதுக்குள்ள நாலு நாள் ஓடிடுச்சு. என் மடியிலதான் உயிர் போச்சு."

"ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னா. 'மொத நாளே ஒருத்தர் வந்தாரு. கழுத்துல கேமரா. தண்ணி கேட்டேன்... வண்டியேறிப் போயிட்டாரு'ன்னா. தாகத்துல ஒளறுறான்னு நெனச்சோம். அங்க வண்டி வந்த தடமே இல்லப்பா."

"எந்த வருஷம்?"

சொன்னாள்.

அந்த வருஷம் நோயல் பிறந்திருக்கவேயில்லை.

மறுநாள் விடிந்ததும் கேன் நிறையத் தண்ணீரோடு வில்காராவுக்குத் திரும்பிப் போனார். பொழுது சாயும்வரை வெயிலில் நின்றார்.

யாரும் கூப்பிடவில்லை.