பேச்சை அடக்கிக்கொண்ட எங்கள் ஜெனி

போன வருடம் மழை தொடங்கின சமயத்தில் எங்கள் மகள் ஜெனி பேசுவதை நிறுத்தினாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை. அதுவரை வாய் ஓயாதவள். அந்த நாட்களில் நான் பட்ட பயத்தையும், ஆண்டவர் எங்களுக்கு உதவி அனுப்பின விதத்தையும் அவருடைய பிள்ளைகளாகிய உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன்.

என் பெயர் எஸ்தர். நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். என் கணவர் சாமுவேலுக்கு மைன்ஸில் வேலை. ஒரு சனிக்கிழமை அவர் முதல் ஷிப்ட் முடிந்து பைக்கில் வந்தபோது, எங்கள் தெருமுனையில் ஒரு வேன் அடித்துப் போட்டுவிட்டது. நான் மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். ஜெனி வீட்டுக் கேட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். நான் வந்து சேர்வதற்குள் பக்கத்து வீட்டு முருகேசன் அண்ணன் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார். கால் எலும்பு முறிந்திருந்தது, தலையில் தையல். உயிர் பிழைத்தார். ஆனால் அன்று சாயங்காலத்திலிருந்து ஜெனி வாயைத் திறக்கவில்லை.

டாக்டர்கள் காது, தொண்டை எல்லாம் பார்த்துவிட்டுக் குறை ஒன்றுமில்லை என்றார்கள். வாரங்கள் போயின. சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த என் நாத்தனார், "புள்ள மேல ஏதோ வந்து உக்காந்துகினு இருக்கு எஸ்தரு, வுட்டா தங்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எனக்கு உறக்கமே இல்லை. அவள் குளியலறையில் இருந்தால் கதவைத் தட்டுவேன். பதில் வராது. கதவில் காதை வைத்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன். "அம்மான்னு ஒரே ஒரு தடவ சொல்லுடி" என்று கெஞ்சுவேன். அவள் இரண்டு கையாலும் வாயை இறுக்கப் பொத்திக்கொள்வாள். அவள் கண்ணில் இருந்த பயத்தைப் பார்த்தால் என் பயமும் கூடும்.

'ஆண்டவரே, ஒரு வார்த்தை. வேறு எதுவும் கேட்கமாட்டேன்.' இதுதான் என் ஜெபம். வானம் மூடிக்கிடந்தது போலிருந்தது.

அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். கவுன்சலிங் மிஸ்ஸைப் பார்க்கச் சொன்னார்கள். கவுன்சலிங் என்றால் காலேஜ் சீட்டுக்குப் போவது என்றுதான் எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகளுக்கும் அப்படி ஒருவர் இருப்பார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தமிழரசி மிஸ். என் வயதுதான் இருக்கும். நம் விசுவாசத்தில் உள்ளவர் அல்ல.

அவர் முதலில் சொன்னது எனக்குப் பிடிக்கவே இல்லை. "இனிமே அவள பேசச் சொல்லாதீங்க. யாரும் சொல்ல வேணாங்க."

"பேசாமயே வுட்டுட்டா ஊமையாவே போயிடுவா மிஸ்" என்று அழுதேன்.

"அவ பிடிவாதம் பண்ணலீங்க. எதுக்கோ பயப்படறா. எதுக்குன்னு அவளா காட்டற வரைக்கும் காத்திருக்கணும்."

தினமும் கொஞ்ச நேரம் அவளோடு தரையில் உட்கார்ந்து களிமண்ணில் ஏதாவது செய்வார். கேள்வியே கேட்கமாட்டார். பிறகு ஒரு விளையாட்டுக் கற்றுக்கொடுத்தார். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு. வகுப்பு டீச்சரிடமும் பேசி, ஆஜர் எடுக்கும்போது ஜெனி கை தட்டினால் போதும் என்று ஏற்பாடு செய்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். கட்டோடு கிடந்து எரிந்து விழுந்துகொண்டிருந்த என் கணவரிடம், "உங்களுக்குத் தூக்கம் வருதாங்க?" என்று கேட்டார். அதுவரை அவரை யாரும் அப்படிக் கேட்கவில்லை. என் கணவர் அவரிடம் நெடுநேரம் பேசினார்.

கட்டுப் பிரித்து, கால் தேறினதும், ஒரு நாள் மதியம் என் கணவர் பைக்கை வெளியே எடுத்தார். கடைத்தெரு வரைக்கும் போய் வந்தார். வந்து பார்த்தால் ஜெனியைக் காணோம்.

தெருவே தேடியது. பூங்கா, பஸ் நிறுத்தம், எங்கும் இல்லை. எங்கள் வரிசைக்குப் பின்னால் ஆள் இல்லாத பழைய வீடுகள். புதர் மண்டிய இடம், பாம்பு உண்டு. அதைத் தாண்டி மழைத்தண்ணீர் ஓடும் பெரிய வாய்க்கால். வானம் இருட்டித் தூறல் விழத் தொடங்கியது. எல்லோரும் "ஜெனி, ஜெனி" என்று கத்தினார்கள். நான் மட்டும் கத்தவில்லை. எப்படிக் கூப்பிட்டாலும் என் பிள்ளை பதில் சொல்லமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை எந்தத் தாயும் அனுபவிக்கக் கூடாது.

மிஸ்ஸுக்குப் போன் செய்தேன். ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். "எல்லாரும் கூப்பிடறத நிறுத்துங்க. சத்தமே வேணாம்" என்றார். சேற்றில் முழங்காலிட்டு நான் கண்ணை மூடினேன். 'ஆண்டவரே, வார்த்தைகூட வேண்டாம். பிள்ளையைக் கொடும்.'

மிஸ் சாதாரணக் குரலில், ஆனால் தூரத்துக்குக் கேட்கும்படி சொன்னார். "ஜெனி, நீ பேச வேணாம்மா. நான் சொல்றது கேட்டா கை மட்டும் தட்டு."

ஒன்றும் இல்லை. கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி சொன்னார். அங்கேயும் இல்லை. வாய்க்கால் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாவது இடத்தில், ஒரு காலி வீட்டின் மாடிப்படிக்குக் கீழே இருந்து மெதுவாக ஒரு தட்டு. என் கால்கள் ஓடினது எனக்கு நினைவில்லை.

நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து துவட்டி மடியில் வைத்துக்கொண்டேன். அவள் கொஞ்சம் அடங்கின பிறகு மிஸ் பக்கத்தில் உட்கார்ந்தார். "அப்பா பைக் எடுத்தது பயமா இருந்துச்சா?" ஒரு தட்டு. "அன்னைக்கு அவரு வரும்போது நீ 'அப்பா'ன்னு கூப்பிட்டியா?" அவள் என் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு ஒரு தட்டு. "நீ கூப்பிட்டதாலதான் அப்பாவுக்கு அடிபட்டுச்சுன்னு நெனச்சியா?"

கையை நெஞ்சோடு வைத்து, ஒரே ஒரு தட்டு.

என் பிள்ளையைப் பிடித்திருந்தது எந்தப் பிசாசும் இல்லை. தன் குரல் அப்பாவைக் கொன்றுவிடும் என்ற பயம்.

என் கணவர் மிஸ்ஸை வாசலுக்கு அழைத்துப்போய், "நீ கூப்பிட்டது எனக்குக் கேக்கவே இல்லன்னு சொல்லிடவா?" என்றார். மிஸ் தலையசைத்து, "பொய் வேணாங்க. நீங்க திரும்பிப் பாத்ததா எங்கிட்ட முன்னாடியே சொன்னீங்க, அத அவளும் பாத்திருக்கா. நடந்ததையே சொல்லுங்க" என்றார்.

அவர் வந்து தரையில் அவள் எதிரே உட்கார்ந்தார். "நீ கூப்பிட்ட, நான் திரும்பிப் பாத்தேன்மா. கூப்பிட்டா திரும்பிப் பாக்கறதுக்குத்தான் அப்பா. வேன்காரன் தப்பான பக்கத்துல வேகமா வந்தான். அதாலதான் அடி."

எங்களோடு தேடி வந்திருந்த முருகேசன் அண்ணன் வாசற்படியில் நின்றிருந்தார். "நான் நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வூட்ல தூங்கிகினு இருந்தேன் பாப்பா. நீ கத்தினதுலதான் எழுந்து ஓடியாந்தேன். நீ கத்தலன்னா அப்பாவ யாரு தூக்கியிருப்பா?" என்றார். அது எங்களுக்குமே அன்றுதான் தெரியும். ஜெனி அவரையே பார்த்தாள். அப்பா சட்டையைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதாள்.

அன்றைக்கே பேசிவிடவில்லை. "பேச ஆரம்பிச்சா பெருசு பண்ணாதீங்க, சாதாரணமா இருங்க" என்று மிஸ் சொல்லிவைத்திருந்தார். சில நாள் கழித்து ஒரு காலை, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், "சட்னி காரம்மா" என்றாள். நான் கொஞ்சம் சர்க்கரை வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். பின்கதவைத் திறந்து தோட்டத்துக்குப் போய் மண்ணில் விழுந்து ஆண்டவரை ஸ்தோத்தரித்தேன்.

இப்போது அவள் பேச்சை நிறுத்துவதுதான் எங்களுக்கு வேலை. நானும் மாறியிருக்கிறேன். பிள்ளைக்கு ஒன்று என்று கலங்கி வரும் தாய்மாரை மிஸ்ஸிடம் அழைத்துப்போகிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவர்களுக்காக ஜெபிக்கிறேன். ஜெபத்தை விட்டுவிட்டு அங்கே போகிறாயா என்று சிலர் கேட்டார்கள். ஜெபித்ததால்தான் அங்கே போய்ச் சேர்ந்தேன். நான் ஒரு வார்த்தை கேட்டேன். அவர் என் பிள்ளையின் பயத்தையே எடுத்துப்போட்டார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை வாயடைத்து உட்கார்ந்திருக்கலாம். பயப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தோடேயே அவரிடம் போங்கள். அவர் யாரை அனுப்பினாலும் கதவைத் திறந்துவிடுங்கள். எங்களைக் கைவிடாதவர் உங்களையும் கைவிடமாட்டார்.