போடிக்கு ஒரு பிளாப்பி, உத்தமபாளையத்தில் அதன் பிரதி

எண்பத்தெட்டில், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், போடிக்குப் போனேன். ஊர் சுற்ற அல்ல, ஒரு கம்ப்யூட்டருக்காக. போடி பஜாரில் ஏலக்காய் மொத்த வியாபாரக் கடை ஒன்றில் ஜெபமணி வேலை பார்த்தாள். என் தங்கையோடு படித்தவள். மதுரைக்கு டிரங்க் கால் போட்டு, "அண்ணே, மெட்ராஸ் கம்பெனி புரோகிராம் படுத்துருச்சு. திங்கக்கெழம பில்லு வரலன்னா கம்ப்யூட்டர வித்துட்டு என்னையும் அனுப்பிருவேன்னு முதலாளி சொல்லிட்டாக" என்றாள். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

முந்தின வருடம் அந்தக் கடைக்கு ஓர் இலவச பில் புரோகிராமை நான்தான் கொண்டுபோய்ப் போட்டிருந்தேன். எடுத்துக்கொள், திருத்திக்கொள், அடுத்தவருக்கும் கொடு என்று எழுதியவரே அதன் தொடக்கத்தில் சொல்லியிருந்தார். முதலாளிக்கு அதுவே உறுத்தல். "சும்மா குடுக்குறது எத்தன நாளைக்கு உழைக்கும்?" என்று அதை அழித்துவிட்டு நாலாயிரம் ரூபாய்க்கு வேறொன்று வாங்கினார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் கம்பெனி தந்த ஒரிஜினல் பிளாப்பியைச் செருகினால்தான் ஓடும். பிரதி எடுக்கவும் முடியாது. அந்த ஒற்றை பிளாப்பியில் மழை ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. மாற்றித் தர மூன்று வாரமாம்.

அந்த இலவச புரோகிராமில் என்னிடம் மிச்சமிருந்த ஒரே பிளாப்பியைப் பையில் போட்டுக்கொண்டு, சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மதுரையில் பஸ் ஏறினேன். தேனி எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டே கால் மணி நேரம். அங்கிருந்து போடி பதினைந்து கிலோமீட்டர். தனியார் பஸ், நல்ல கூட்டம், நல்ல பாட்டு. பையை வைக்க இடமில்லாமல் ஸ்பீக்கர் பெட்டிமேல் வைத்தேன். ஸ்பீக்கருக்குள் காந்தம் உண்டு, காந்தம் பிளாப்பியைத் துடைத்துவிடும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பாட்டுக் கேட்டதில் மறந்துபோனது.

கடையில் செருகிப் பார்த்தால் பிளாப்பியில் ஒன்றுமே இல்லை.

"காசு குடுத்ததும் போச்சு, சும்மா வந்ததும் போச்சு. ரெண்டுக்கும் என்னய்யா வித்தியாசம்?" என்றார் முதலாளி. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஜெபமணிதான் மெதுவாகச் சொன்னாள். "உத்தமபாளையத்துல பஷீர் பாய் அரிசி மில்லுல இருக்கும்ணே. போன வருசம் கேட்டாக, ஒரு காப்பி குடுத்தேன்." முதலாளிக்கு இது புதுச் செய்தி. முகம் கறுத்தது, ஆனால் போகாதே என்று சொல்லவில்லை.

இருவரும் தேவாரம் வழியாகப் போனோம். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு மணி நேரம். வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், மலை கூடவே வரும். நாங்கள் அன்று மலையைப் பார்க்கவில்லை.

"குடுத்தவுகளே கேட்டு வந்திருக்கீக, உக்காருங்க" என்று பஷீர் பாய் டீ சொன்னார். "முன்ன கிலோவுக்குக் கீழ கணக்கு வராது. எங்க மருமகப்பிள்ள அதைத் தொறந்து கிராம் வரைக்கும் வர்ற மாதிரி பண்ணிட்டாக. பரவால்லயா?"

ஏலக்காய்க் கடைக்கு கிராம் கணக்கு வந்தால் கசக்குமா? ஜெபமணி அன்று முதல்முறையாகச் சிரித்தாள். மூன்று பிரதி எடுத்தோம். ஒன்றை அவள் தன் டிபன் பாக்ஸில் வைத்து மூடினாள்.

திரும்பும் பஸ்ஸில் முதலாளியின் கேள்வியையே நினைத்துக்கொண்டிருந்தேன். இலவசம் என்பதற்காக எதுவும் கெடாமல் இருக்காது. என்னுடையதும் கம்பெனியுடையதைப் போலவே கெட்டது. ஆனால் இது உறை மோர் மாதிரி. நம் வீட்டில் தீர்ந்தால், நாம் கொடுத்த வீட்டில் இருக்கும். அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு என் யோசனையும் அதுதான்: எதைக் கொண்டுபோனாலும் ஒரு பிரதியை வேறொருவரிடம் விட்டுவிட்டுக் கிளம்புங்கள். பையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து ஜெபமணி விலைகளை ஏற்றினாள். திங்கள் காலை பத்தரைக்கு முதல் பில் வந்தது. முதலாளி வாங்கிப் படித்தார். எடையையும் தொகையையும் விரல்விட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது. பிறகு தலைப்பைப் பார்த்தார். அரிசி மில்லின் பெயர். நாங்கள் மாற்ற மறந்திருந்தோம்.

ஜெபமணி எழுந்தே நின்றுவிட்டாள்.

"உக்காரும்மா" என்றார் முதலாளி. "மொதல்ல நம்ம கடை பேரப் போடு. போட்டுட்டு, பஜார்ல யார் யார்ட்ட கம்ப்யூட்டர் இருக்கோ, எல்லாருக்கும் ஒவ்வொன்னு குடுத்து வையி."