பிடித்த கையை விட்ட நேரம்

போன வருடம் மிளகாய்ப் பழம் எடுத்து முடித்த கையோடு, விருதுநகரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தது இது. எனக்கு ஊர் மல்லாங்கிணறு பக்கம். இடது தோளுக்குப் பின்னால் ஒரு கொழுப்புக் கட்டி. வருடக்கணக்காக வைத்துக்கொண்டிருந்து, எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்துவிட்டது. பிள்ளைகளையெல்லாம் வீட்டிலேயே பெற்றவள் நான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்ததே அதுதான் முதல் தடவை.

சம்மதத் தாளில் ரேகை வைக்கச் சொல்லி மையை நீட்டினார்கள். எனக்குப் பெரிய படிப்பு இல்லை, ஆனாலும் பெயரெழுத வரும். மையைத் தள்ளிவிட்டுக் கையெழுத்தே போட்டேன். போட்ட பிறகு பெரிய டாக்டரிடம் ஒன்று சொன்னேன். வார்டுக்குள் அவர் வந்தால் பின்னாலேயே வெள்ளைக் கோட்டோடு மாணவப் பிள்ளைகள் கூட்டமாக வருவார்கள். ஆளாளுக்குக் கட்டியை அமுக்கிப் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை.

"டாக்டரையா, நீங்களே வெட்டுங்க, நீங்களே தைங்க. படிக்கிற பிள்ளைக ஒருத்தரும் என் மேல கை வைக்கப்பிடாது. பழகிப் பாக்குறதுக்கு நான் கிழிஞ்ச துணி இல்ல."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிம்மா. பாக்கவாவது விடுவீகளா? ஆபரேசன ஆசை வர்ற வயசுலயே பிள்ளைக கண்ணுல காட்டிரணும். கடைசி வருசத்துல காட்டினா பயந்தான் வரும்" என்றார். பார்த்துவிட்டுப் போகட்டும் என்றேன்.

முழு மயக்கம் கொடுக்கவில்லை. அந்த இடம் மட்டும் மரத்துப் போக ஊசி போட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பச்சைத் துணியால் மூடினார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் எதிர்ச்சுவரும், முகத்துக்கு நேரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஒரு மாணவியும்தான். நான் பயப்படாமல் பேச்சுக் கொடுப்பது அவளுக்குக் கொடுத்த வேலை. மற்ற பிள்ளைகள் என் முதுகுப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"பயமா இருக்கா பாட்டி?" என்றாள்.

"எனக்கென்ன பயம்? உனக்குத்தான் வேர்க்குது."

சொல்லி வாய் மூடவில்லை, முதுகில் வலியில்லாமல் இழுப்பு மட்டும் தெரிந்தது. என் கை தானாகப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

பிடித்த பிறகு சும்மா இருக்க முடியுமா? ஊர் கேட்டேன். சிவகாசியாம். அப்பாவுக்குக் காலண்டர் கம்பெனியில் பைண்டிங் வேலை. பக்கத்து வீட்டு அக்கா ஒருத்திக்குப் பட்டாசு விபத்தில் விரல்கள் வெந்து, ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிப்போனதாம்.

"அதைப் பிரிச்சு விடுற ஆபரேசன் இருக்கு பாட்டி. அதைத்தான் படிக்கணும்னு ஆசை. அம்மாதான் பொம்பளப் பிள்ளைக்குக் கத்தி எதுக்கு, குழந்தை டாக்டரா ஆனாப் போதும்ங்குது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கே ஒத்து வருமான்னு தெரியல. இதுவரைக்கும் எல்லாம் புத்தகந்தான். இன்னைக்குத்தான் மொதத் தடவையா உள்ள வந்திருக்கேன். பாத்துட்டுத்தான் முடிவு பண்ணணும்" என்றாள்.

ஆனால் அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒன்றும் தெரியாது. பேசும்போதே அவள் கண் பச்சைத் துணிக்கு மேலே எக்கி எக்கிப் போனது.

அப்போது பெரிய டாக்டரின் குரல் கேட்டது. "கட்டி வெளிய வருது. ஸ்டூல்ல இருக்க பிள்ள, இங்கன வந்து பாரும்மா."

பாதி எழுந்துவிட்டாள். என் கை விடவில்லை.

"சார், பாட்டி கையப் பிடிச்சிருக்காங்க."

"உடும்புப் பிடி போல" என்றான் ஒரு பையன். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கையை உருவிக்கொள்ளவில்லை. "பரவால்ல சார், நான் இங்கனயே இருக்கேன்" என்று மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

அவள் அப்படி உட்கார்ந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பயமில்லை என்று சொன்னதும் நான்தான், பிடித்து வைத்திருப்பதும் நான்தான். இன்றைக்குப் பார்க்காமலே வீட்டுக்குப் போனால், அம்மா சொல்வதற்குத் தலையாட்டிவிட மாட்டாளா? விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கையை எடுத்துக்கொண்டேன்.

"போயிப் பாரு தாயி. நான் எங்கிட்டும் ஓடிற மாட்டேன்."

போனாள். அப்புறம், "சார், இதுக்குத் தனியா ஒரு பை மாதிரி இருக்கே, அப்படியே உருண்டு வருதே" என்றாள். அதற்குப் பின் கேள்வி மேல் கேள்வி. என்னிடம் கிசுகிசுத்த பிள்ளையா இது என்று இருந்தது. அந்தக் குரலைக் கேட்டபின் என் வாயும் சும்மா இருக்கவில்லை.

"டாக்டரையா, தைக்கும்போது ஒரு தையல் அந்தப் பிள்ளை போடட்டும்."

"யாரும் தொடப்பிடாதுன்னு நீங்கதானம்மா சொன்னீக?"

"நாந்தான் சொன்னேன். நாந்தான் மாத்துறேன். நீங்க பக்கத்துல நிக்கணும்."

"நிக்கிறேன்" என்றார்.

அவள் முழங்கை வரை கை கழுவி, உறை மாட்டி வரவேண்டும். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிடித்துக்கொள்ள யாருமில்லை. மேஜையின் இரும்பு ஓரத்தைப் பிடித்தேன். ஜில்லென்றிருந்தது.

டாக்டர் முதலில் தைத்தார். அப்புறம் அவளிடம், "மெல்ல... வெடுக்குன்னு இழுக்காத... அம்புட்டுதான்" என்றார். மற்றதைவிட மெதுவாக ஓர் இழுப்பு.

"வலிக்குதா பாட்டி?"

"மரத்துப் போன இடம் எங்கிட்டு வலிக்கும்? நீ வேலையப் பாரு."

எல்லாம் முடிந்து முன்னால் வந்தாள். தன் கையைத் தானே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன தாயி, ஒத்து வருமா?"

"வரும் பாட்டி" என்றாள்.

காயம் ஆறிவிட்டது. தழும்பின் கடைசித் தையல் மட்டும் லேசாகக் கோணல். மருமகள் பார்த்துவிட்டு, "யாரு அத்தை இப்படித் தச்சது?" என்று கேட்டாள். நான் சொல்லித்தான் தைத்தது என்றேன். சேலை உரசி அந்த இடம் அரிக்கும்போதெல்லாம், சிவகாசியில் யாரோ ஒருத்தியின் ஒட்டிப்போன விரல் ஒருநாள் பிரியப்போகிறது, அந்த வேலை என் தோளில்தான் ஆரம்பித்தது என்று நினைத்துக்கொள்வேன். எனக்குப் பெருமை எப்போதும் உண்டு. ஆனால் பிடித்ததை விட்டதால் வந்த பெருமை இது ஒன்றுதான்.