முந்திரி எண்ணெய் தடவிய விரல்

மகளின் விரலில் உள்ள மரு மூன்று மாதமாகப் போகவில்லை என்று நேற்று முந்திரிக்கொட்டை ஓட்டின் காரமான எண்ணெயைத் தடவினேன். விரல் கொப்பளித்துவிட்டது, மரு அப்படியே இருக்கிறது. அந்த நெடியில், ஆதனக்கோட்டையில் அம்மா வேலை பார்த்த, இப்போது பெட்ரோல் பங்க் ஆகிவிட்ட முந்திரிக் கொட்டகை கண்முன் வந்தது: கொட்டை உடைக்கும் சத்தம், கண்ணெரியும் புகை, சின்ன வயதில் என் விரலில் இருந்த மருவைப் பார்த்ததும் ஆளுக்கொரு வைத்தியத்தோடு, எண்ணெய் சுடாமலிருக்கச் சாம்பல் பூசிய கையை நீட்டும் பெண்கள். ஒருத்தி தலைமுடியால் இறுக்கிக் கட்டினாள், ஒருத்தி சுண்ணாம்பு வைத்தாள், இன்னொருத்தி உப்பு கரைந்தால் மருவும் கரையுமென்று குளத்தில் ஒரு பிடி உப்பைப் போட வைத்தாள்.

"இன்னும் யாருங்க பாக்கி, வாங்க. புள்ளைக்கு வெரலாச்சும் மிஞ்சுதான்னு பாப்போம்" என்று அம்மா சலித்துக்கொள்வாள்.

கொட்டகையை மூடி எல்லாரும் கலைந்துபோன பிறகு, அந்த மரு கேட்பாரில்லாமல் தானாகவே உதிர்ந்தது. அது தெரிந்திருந்தும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.