பள்ளிவாசல் செவுத்துல ஏறுன ஸ்வெட்டர்

எங்க பக்கம் பொம்பளைங்க பள்ளிவாசலுக்குப் போயி தொழுவுற வழக்கமில்ல, எல்லாம் வீட்டோட சரி. ஆனா எங்க பள்ளியில மேக்குச் செவுத்தப் பாத்து நிக்கிற அத்தன ஆம்பளைக்கும் கண்ணு முன்னாடி கெடக்குறது என் கைவேல. நம்பலேன்னா போயிப் பாத்துக்கங்க. செருப்ப மட்டும் வெளிய விட்டுருங்க.

எமர்ஜென்சி முடிஞ்ச மறு வருசம்னு நெனைக்கிறேன். கொடைக்கானல்ல எங்க தெருவுல இருந்தது தகரம் போட்ட பள்ளி. மழ அடிச்சா பாங்குச் சத்தமே கேக்காது. அத இடிச்சுட்டுக் கல்லுல கட்டுறதுன்னு ஜமாத்துல முடிவு பண்ணாங்க. எங்க வீட்டுக்காரரு கூக்கால், போளூருன்னு போயி பூண்டும் உருளக்கெழங்கும் லாரியில ஏத்தியாந்து விக்கிறவரு. ஊருச் சோலின்னா சொந்தச் சோலியப் போட்டுட்டு ஓடுற மனுசன். கொத்தனாரக் கூட்டியாந்தது அவருதான். கொத்தனாரு எங்க எதுத்த வீட்டுக்காரரு, வேதக்காரரு, நான் அண்ணேன்னுதான் கூப்புடுவேன். சர்ச்சுப் பீடத்துல திராட்சக் கொடியும் றெக்க வச்ச சம்மனசும் செஞ்சு பேரெடுத்த கை.

செவுரு எழும்புச்சு, மினாரா எழும்புச்சு. இமாம் நின்னு தொழுவைக்கிற எடத்துல மேக்குச் செவுத்தக் குடைஞ்சு வளைவா ஒரு மாடம் வப்பாங்க, மிஹ்ராபுன்னு பேரு. அந்த வேலைய அண்ணன் ஆசையா கடேசிக்கு வச்சிருந்தாரு. யாருகிட்டயும் மூச்சு விடாம, அச்சுல வாத்த ரெண்டு புறாவக் கொண்டாந்து, வளைவுக்கு மேல ஒண்ண ஒண்ணு பாக்குற மாதிரிப் பதிச்சுட்டாரு. அவுங்க கோயில்ல புறான்னா ரொம்பப் பெரிய சங்கதி. நம்ம பாய்மாருக்கும் இருக்கட்டும்னு செஞ்ச மரியாத அது.

வெள்ளனே போயிப் பாத்த எங்க வீட்டுக்காரருக்கு மொகம் வெளுத்துப் போச்சு. எங்க மார்க்கத்துல தொழுவுற எடத்துல உசிருள்ள உருவம் ஆகாது. உசிரு குடுக்குறது படச்சவன் வேல, அதுல நம்ம போயிக் கை வைக்கப்படாது. அதோட, தொழுவயில கண்ணு ஒரு உருவத்துல போயி நின்னுச்சுன்னா மனசும் அங்கனயே குத்த வச்சுரும். நோம்புக்கு முன்னாடி பள்ளியத் தெறக்கணும், அதுக்குள்ள பழனியிலருந்து மார்க்கம் படிச்ச பெரியவரு, ஹஜ்ரத்து, வந்து பாக்குறதா இருந்துச்சு.

அண்ணங்கிட்ட இத எப்படிச் சொல்றது? எங்காளு மழையப் பத்திப் பேசி, பூண்டு வெலையப் பத்திப் பேசி, ஊரச் சுத்திட்டுக் கடேசியா புறாகிட்ட வந்து சேந்தாராம். அண்ணன் கரண்டியக் கையில எடுத்தாரு. யாரையும் தொட விடாம அவரே புறாவப் பேத்தெடுத்து வீட்டுக்குக் கொண்டு போயிட்டாரு. சாயங்காலம் எங்க வீட்டுக்கு வந்தாரு. குடுத்த டீயக் குடிக்கல.

"பாய், வேற ஆளப் பாத்துக்கங்க. மொகம் கூடாது, பட்சி கூடாது, சம்மனசு கூடாது. அப்ப நான் எதத்தான் செய்யிறது? மொட்டச் செவுத்த விட்டுட்டு வந்தா, சர்ச்சுக்குன்னா செய்வான், பள்ளிக்குன்னா கைய மடக்கிருவான்னுல்ல ஊரு பேசும்."

எங்காளு வாயில கொழுக்கட்ட. மேமலைக்கெல்லாம் போயி வெல பேசுற வாயி, வீட்டுல வச்சா தெறக்காது. அண்ணன் போயிட்டா அந்த மாடத்துல கை வைக்க மலையில வேற ஆளு கெடையாது, தெரியும். அதவிட, பாய் வீட்டுல அவமானப்பட்டு வந்தோம்னு அந்த மனுசன் காலத்துக்கும் நெனச்சுக் கெடப்பாரே. எனக்கு அழுக வர்ற நேரத்துலதான் கேலி வரும், அது என் பொறவிக் கோளாறு.

"எம் புருசன் நெஞ்சப் பாருங்கண்ணே, அதுல ஏதாச்சும் உசிருள்ளது இருக்குற மாதிரியா தெரியுது?"

அண்ணன் சிரிக்கல. பாத்தாரு. ஆடி மாசக் குளிருக்கு எங்காளு போட்டிருந்தது நான் பின்னுன ஸ்வெட்டரு. நீலத்துல வெள்ள நட்சத்திரம், எட்டு முனை வச்சது. ஒண்ணோட முனையத் தொட்டு இன்னொண்ணு, நடுவுல கட்டம், அப்படியே வயித்துலருந்து தோளு வரைக்கும் ஓடும். எங்கன ஆரம்பிக்குது எங்கன முடியுதுன்னு கண்டுபிடிக்க முடியாது. அத எனக்குச் சொல்லிக் குடுத்ததே அண்ணன் பொண்டாட்டி, என் மதினிதான். மதினிக்கு மிஷன் ஸ்கூல்ல ஒரு வெள்ளக்கார டீச்சரம்மா சொல்லிக் குடுத்தது.

அண்ணன் எந்திரிச்சுப் பக்கத்துல வந்து எங்காளு நெஞ்சுல வெரல வச்சுத் தடவுனாரு. எங்காளு கூச்சத்துல நெளியிறாரு.

"கழட்டுங்க பாய்."

அன்னைக்குப் போன ஸ்வெட்டரு மாடத்துக்குப் பக்கத்துல ஆணியில தொங்குச்சு. அண்ணன் சிமெண்டப் பூசி, ஈரம் காயிறதுக்குள்ள கரண்டி முனையால ஒவ்வொரு நட்சத்திரமா கீறி எடுத்தாரு. சாரலும் காத்துமா இருந்த ஆடியில எங்காளு என் பழைய சால்வையச் சுத்திக்கிட்டு மண்டிக்குப் போனாரு. கேட்டவங்களுக்கெல்லாம் ஒடம்புக்கு முடியலன்னு சொன்னாராம். பள்ளிவாசலுக்கு ஸ்வெட்டரக் குடுத்தேன்னு சொன்னா யாரு நம்புவா?

ஹஜ்ரத்து வந்த அன்னைக்கு டீ கொண்டு போற சாக்குல நானும் மதினியும் சன்னலுக்கு வெளிய நின்னோம். ஹஜ்ரத்து மாடத்துக்கு முன்னாடி நின்னவரு நின்னவருதான். அண்ணன் கைய எங்க வைக்கிறதுன்னு தெரியாம முதுகுக்குப் பின்னாடி கட்டுறாரு, எடுக்குறாரு. இதையும் பேத்தெடுக்கச் சொல்லிட்டா அந்த மனுசன் திரும்ப இந்தத் தெருவுல தல நிமுந்து நடக்க மாட்டாரு. மதினி என் கையப் புடிச்ச புடியில வளையல் ஒடைஞ்சிரும் போல இருந்துச்சு.

இந்த வேலப்பாடு எங்கருந்து வந்துச்சுன்னு ஹஜ்ரத்து கேட்டாரு. எங்காளு வேர்த்துப் போயி, டெல்லி, ஆக்ரான்னு என்னத்தையோ ஆரம்பிச்சாரு. அண்ணன் இடைமறிச்சு, பாய் ஸ்வெட்டருலருந்துங்கன்னு உள்ளதச் சொல்லிட்டாரு. வெள்ளக்கார டீச்சரு, அவரு சம்சாரம், நான்னு மூணு பேரையும் வரிசையா சொன்னாரு. எனக்கு ஓடிரலாம்னு இருந்துச்சு.

"இதுல உசிருள்ளது ஏதும் இல்லியே?"ன்னாரு ஹஜ்ரத்து.

"பின்னுன தங்கச்சியத் தவிர ஒண்ணுமில்லீங்க"ன்னாரு அண்ணன்.

ஹஜ்ரத்துக்குத் தாடிக்குள்ள சிரிப்பு. திரும்பவும் ஒருக்கா மேல இருந்து கீழ வரைக்கும் பாத்துட்டு, "கண்ணு எங்கயும் உக்கார மாட்டேங்குது. ஓடிக்கிட்டே இருக்கு. தொழுவுறவனுக்கு இது போதும், இருக்கட்டும்"னாரு. அப்புறம் அண்ணங் கைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டாரு. சிமெண்டு ஒட்டுன கை, அவரோ வெள்ள ஜிப்பா. கவலப்படல.

தெறக்குறதுக்கு மொத நா தரையக் கழுவுறதுக்குப் பொம்பளைங்கள உள்ள விட்டாங்க. மதினியும் வாளியோட வந்துச்சு. ரெண்டு பேரும் வேலைய விட்டுட்டு மாடத்துக்கு முன்னாடி நின்னோம். சன்னலு வெளிச்சம் சாஞ்சு விழுந்து நட்சத்திரமெல்லாம் எந்திரிச்சு நிக்குது. எனக்குச் சொல்ல முடியாத பெரும. மதினி கிட்ட போயி, வெரல வச்சு ஒவ்வொண்ணா தடவிக்கிட்டே வந்தவ டக்குனு நின்னா.

"அடியே, இந்தா இந்த நட்சத்திரத்துல பின்னும்போது ஒரு கண்ணி விட்டிருக்க. அந்த மனுசன் அதையும் சேத்துல்ல செதுக்கி வச்சிருக்காரு."

பாத்தேன். ஆமா, எடப்பக்கம் கீழ, ஒரு நட்சத்திரத்துக்கு முனை மொட்டையா கெடக்கு. நீ சொல்லிக் குடுத்த லட்சணம் அப்படின்னேன். சிரிச்ச சிரிப்புல வாளித் தண்ணி கவுந்து பாதித் தரைய அதுவே கழுவிருச்சு.