'வாரேன்' என்ற பட்டன்

இது நடந்தது. 2003 செப்டம்பர் 18, வியாழக்கிழமை, சாயங்காலம் 5.10. பேய் ராத்திரிதான் வரும் என்று நினைப்பவர்களுக்கு இது ருசிக்காது. ராத்திரி வந்திருந்தால் கனவு என்று சொல்லி நானும் தப்பித்திருப்பேன்.

நானும் இந்துப்ரியாவும் மதுரை கீழவாசல் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் படித்தோம். கடைசியில் ஒரு புராஜெக்ட் செய்ய வேண்டும். நாங்கள் ஒரு கதை கேம் செய்தோம். ஸ்கிரீனில் ஒரு பெண் நின்று பேசுவாள். கீழே இரண்டு பட்டன் வரும். எதை அழுத்துகிறோமோ அந்த வழியில் கதை போகும். படம் இந்து வரைந்தது. வசனம் என்னுடையது.

கடைசிக் காட்சியில் அந்தப் பெண் கேட்பாள்: "எங்க அப்பாட்ட வந்து பேசுறியா?" பட்டன்கள்: 'வாரேன்', 'பொறு'. 'பொறு' வழிக்கு முப்பது பக்கம் எழுதித் தள்ளினேன். 'வாரேன்' வழிக்கு ஒரு வரிகூட இல்லை. அழுத்தினால் ஒன்றும் ஆகாது.

"அத எப்ப எழுதுவ, உமேஷ்?" என்றாள் இந்து.

"வேல கெடைக்கட்டும்."

அவள் கேமைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்கு நன்றாகவே தெரியும். அவள் அப்பா ஹரிராம் முன்னால் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. அவ்வளவுதான்.

அந்த வாரம் அவளுக்கு மூளைக்காய்ச்சல். வியாழக்கிழமை நாலு மணிக்கு அவள் தங்கை ரம்யாஸ்ரீ சென்டருக்குப் போன் செய்தாள்.

"அக்கா உங்களத்தான் கேக்குறா. ஆஸ்பத்திரிக்கு வாரீங்களா?"

"வாரேன்."

பஸ் ஸ்டாப் வரை போனேன். அவள் அப்பா அங்கேதான் இருப்பார். நீ யார் என்று கேட்டால்... திரும்பிவிட்டேன். என்னைப் போல ஒரு கோழையை மதுரையில் தேடினாலும் கிடைக்காது.

சென்டரில் யாரும் இல்லை. அவள் வரைந்த முகத்தையாவது பார்க்கலாம் என்று கேமைத் திறந்தேன். கடைசிக் காட்சி வந்தது. மணி 5.10. 'வாரேன்' பட்டனை அழுத்தினேன். ஒன்றும் ஆகாது என்று தெரிந்துதான் அழுத்தினேன்.

ஸ்கிரீன் கறுத்தது.

பீப்... பீப்... பீப்...

நாங்கள் அந்தக் கேமில் சத்தமே சேர்க்கவில்லை.

ஒரு கட்டில் வந்தது. அதில் அந்தப் பெண். பக்கத்தில், முதுகைக் காட்டியபடி ஒருவன். இந்தப் படத்தை இந்து வரையவே இல்லை.

கீழே ஒரு வரி ஓடியது. எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் பேசுகிற சௌராஷ்டிர மொழியில். நான் எழுதியதெல்லாம் தமிழ்.

'வந்துட்டியா' என்று அர்த்தம்.

மவுஸ் அசையவில்லை.

அவன் அவள் கையைப் பிடித்தான்.

என் வலது கை சுட்டது. காய்ச்சல் சூடு.

பீப்... பீப்...

5.22.

பீப் நிற்காமல் நீண்டது...

என் கை ஜில்லிட்டது.

ஆறு மணிக்குப் போன் அடித்தது. எடுக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. மேஜையில் தலையை வைத்து அழுதேன்.

பதினோராம் நாள்தான் அவள் வீட்டுக்குப் போனேன். கன்னத்தில் நாலு அறை விழும், வாங்கிக்கொள்வோம் என்று போனேன். ஹரிராம் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு நீங்க வந்து பேசலைன்னா அவ மனசு ஆறியிருக்காது."

"எப்ப..."

"அஞ்சு பத்து இருக்கும். அந்த நெலமையில கெடந்தவள எவன் பொண்ணு கேப்பான்? நீங்க கேட்டீங்க. நானும் சரின்னேன். உங்க கையப் பிடிச்சுக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே போனா எம் மக."

நான் ரம்யாஸ்ரீயைப் பார்த்தேன். "நாந்தான உங்களுக்குச் சேர் போட்டேன்" என்றாள்.

நான் வரவேயில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"உக்காருங்க மாப்பிள்ள" என்றார் அவர்.

உட்கார்ந்தேன்.