சந்தனம் காய்ந்த சுவிட்ச்

மலையாளமும் தமிழும் கலந்து பேசும் பழவங்காடியில் நான் வேலை செய்த லேப்டாப் ரிப்பேர் கடையில், நவராத்திரிக்கு ஸ்க்ரூடிரைவர் முதல் முதலாளியின் பழைய லினக்ஸ் லேப்டாப் வரை எல்லாவற்றையும் பூஜைக்கு வைப்போம். விஜயதசமி வரை யாரும் தொடக்கூடாது. அந்த வருடம் சந்தனம் பூசியவர் கடையின் சீனியர் அண்ணன்.

விஜயதசமியன்று பூஜையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்தபோது முதலாளியின் லேப்டாப்பில் வைஃபை வரவில்லை. அண்ணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பூஜைக்கு முன்னால இதோட ஃபேன கிளீன் பண்ணது இவன் அல்லே முதலாளி? ஆன்டெனா வயர இழுத்துப் பொட்டிச்சிருப்பான். குடும்பத்துல ஸ்கூல் கண்ட மொத ஆளு. எல்லாம் புஸ்தகம் பாத்துத்தான் கழட்டுவாரு.”

முதலாளி சிரித்தார். பிறகு, “அப்படின்னா நாளைக்கு வரண்டாம் தம்பி,” என்றார்.

வேலை போனதைவிட அந்தக் கேலிதான் எரிந்தது. இன்றும் எரிகிறது.

“போறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கறேன் முதலாளி.”

டெர்மினலில், வைஃபை எங்கே பூட்டியிருக்கிறது என்று காட்டும் ஆர்எஃப்கில் கட்டளையை அடித்தேன். வைஃபை கார்டு உயிரோடுதான் இருந்தது. ‘சாஃப்ட் பிளாக்: இல்லை. ஹார்டு பிளாக்: ஆம்.’ வயர் கழன்றால் சிக்னல் தேயும், இப்படிப் பூட்டிக்கொள்ளாது. கையால் தள்ளும் சுவிட்ச் அணைந்திருந்தால்தான் இப்படி வரும், அதை எந்தக் கட்டளையாலும் திறக்க முடியாது. குனிந்து பார்த்தேன். முன்விளிம்பில் அண்ணன் விரலால் இழுத்த சந்தனக் கோடு, சுவிட்சையும் சேர்த்து ஓரத்துக்குத் தள்ளிவிட்டுக் காய்ந்திருந்தது.

நகத்தால் தள்ளினால் போதும். நான் தள்ளவில்லை.

“அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். முதலாளி காண அந்த வயரக் காட்டுங்க அண்ணே.”

அண்ணன் மூடியைக் கழற்றினார். இரண்டு வயரும் இருந்த இடத்திலேயே இருந்தன. “அப்போ கார்டு போயிருக்கும்,” என்று வேறு கார்டு மாட்டினார். வரவில்லை. அவர் கழுத்தில் வியர்வை இறங்கியது. முதலாளி நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டார். அது வரைக்கும் காத்திருந்தேன்.

“முதலாளி, அந்தச் சந்தனத்தச் சுரண்டி, சுவிட்ச இந்தப் பக்கம் தள்ளுங்க.”

தள்ளினார். அக்கம்பக்கத்துக் கடைகளின் வைஃபை பெயர்கள் வரிசையாக வந்தன.

“சந்தனம் யாரு பூசினது?” என்று கேட்டேன், தெரியாதவன்போல.

முதலாளி அண்ணனைப் பார்த்தார். “மூடிய மாட்டுடா,” என்றார். என்னிடம், “நாளைக்கு நீ வந்து கடை தொற.”

மாட்டும்போது ஒரு ஸ்க்ரூ உருண்டது. அண்ணன் முட்டிபோட்டு மேஜைக்கு அடியில் தேடினார்.

“எடா, கண்டியா?”

என் செருப்புக்குப் பக்கத்தில்தான் கிடந்தது.

“இல்லண்ணே.”